ஓல்ட்ராய்டின் இரண்டாம் சிம்பொனியில் ஒரு வெட்டு

உயிருக்கு மேலாக நேசிக்கும் ஒன்றை ஒரு மனிதர் தன் கையாலேயே, அதுவும் சவர பிளேடை வைத்து, வெட்டுவாரா? நார்மன் ஹெலிவெல் அப்படித்தான் செய்திருக்கிறார் என்று தெரிய வந்தபோது எங்கள் டாட்மர்டன் ஊரில் இந்தக் கேள்வி கொஞ்ச காலம் சுற்றிக்கொண்டிருந்தது. மீன் வறுவல் கடை வரிசையில் கேட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் கேட்டார்கள். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் ஏதாவது விளங்கும்.

நார்மனுக்குத் தொழில் பல் செட் செய்வது. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்னப் பட்டறை. ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லோடுதான் ஞாயிற்றுக்கிழமை இறைச்சியை மென்றார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரும் அக்கா எனிடும் ஆற்றோரத் தெருவில், அப்பா விட்டுப்போன கல் வீட்டில் இருந்தார்கள். எனிட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வாய் ஓயாதவள். நார்மன் வாயே திறக்காதவர். அவரைப் பேச வைக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. இந்த நாட்டில் எழுதப்பட்டு, ஒன்றோ இரண்டோ முறை மேடையேறி, எந்தக் கம்பெனியும் இசைத்தட்டாகப் போடாமல் விட்டுவிட்ட சிம்பொனிகளைப் பற்றிக் கேட்க வேண்டும்.

அப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் இருந்தன. எங்கோ ஒரு சிற்றூர்ப் பள்ளி இசை ஆசிரியர் பத்து வருஷம் உழைத்து எழுதியிருப்பார். ஒரு சாயங்காலம் வானொலியில் வரும். மறுநாள் பத்திரிகையில் யாராவது நாலு வரி குத்தலாக எழுதுவார்கள். அதோடு சரி. நார்மன் அந்த ஒரு சாயங்காலத்துக்காகக் காத்திருப்பார். வானொலியிலிருந்து ஒரு கம்பி பெரிய டேப் ரெக்கார்டருக்குப் போகும். சிம்பொனி தொடங்கிவிட்டால் வீட்டில் மின்சாரத்தை யாரும் தொடக்கூடாது. ஃபிரிட்ஜ் தானாக நின்று ஓடும்போது வரும் சின்ன ‘டக்’ கூட நாடாவில் பதிந்துவிடும் என்பதால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

“ஏண்டா, ஒரு டீ போட்டுக்கக் கூட வழியில்லையா இந்த வீட்ல?” என்பாள் எனிட்.

“மூணாவது பாகம் முடியட்டும்.”

“மூணாவது பாகம் முடியறதுக்குள்ள பால் திரிஞ்சிடும். செத்துப்போனவன் பாட்டுக்காக உயிரோட இருக்கறவளக் காய வைக்கிற.”

“அவர் சாகல. பர்ன்லியில இருக்கார்.”

“அப்ப அவருக்காவது டீ கெடைக்குதே.”

நார்மனைப் போன்றவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் தனிக்கட்டைகள். மாதம் ஒருமுறை ஹாலிஃபாக்ஸ் நூலகத்து மேல்மாடியில் வடக்கு வட்டாரத்துக்காரர்கள் கூடுவார்கள். ஒருவர் கொண்டுவந்த நாடாவை எல்லாரும் கண்ணை மூடிக் கேட்பார்கள். பிறகு சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டு பேரம் நடக்கும். பேரத்தில் காசு கிடையாது. உன்னிடம் இருக்கும் அபூர்வம் ஒன்றைக் கொடு, என்னிடம் இருப்பதில் ஒன்றைத் தருகிறேன். ஒன்றுக்கு ஒன்று. வாங்கியதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று வாக்கும் தர வேண்டும். ஏனென்றால் எல்லாரிடமும் போய்விட்டால் அப்புறம் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. இசை பரவ வேண்டும் என்று மேடையில் பேசுகிற அதே ஆட்கள்தான் தங்கள் நாடாவைப் பரவ விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். இது அவர்களில் யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

நார்மனிடம் இருந்த பெரிய சொத்து ஹெர்பர்ட் ஓல்ட்ராய்டின் இரண்டாம் சிம்பொனி. ஓல்ட்ராய்ட் ஹடர்ஸ்ஃபீல்டில் தேவாலய ஆர்கன் வாசித்தவர். சிம்பொனி ஒரே ஒரு முறை ஒலிபரப்பானது. வானொலிக்காரர்கள் நாடாவை வைத்துக்கொள்ளவில்லை. வேறு எங்கும் அது வாசிக்கப்படவுமில்லை. சில வருஷம் கழித்து ஓல்ட்ராய்ட் மனசு வெறுத்து, தன் கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் வீட்டுத் தோட்டத்தில் போட்டுக் கொளுத்திவிட்டார். ஆக, அந்த இசை உலகத்தில் மிச்சமிருந்தது நார்மன் வீட்டு நாடா ஒன்றில் மட்டும்தான்.

அதை அவர் இரண்டே பேருக்குக் கொடுத்தார். ஒருவர் கார்ன்வாலில் இருந்த டென்சில். இன்னொருவர் ஹல் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் இருந்த பெர்சி ஸ்டாக்ஸ். பெர்சிதான் நார்மனுக்கு நண்பன் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். ஆனாலும் கொடுக்கும்போது அந்த வட்டத்தில் சிலர் ரகசியமாகச் செய்துவந்த ஒரு காரியத்தை நார்மனும் செய்தார். அசலிலிருந்து எடுத்த நகலில் ஓரிடத்தைப் பிளேடால் சாய்வாக வெட்டி, கொஞ்சத்தை எடுத்துவிட்டு, ஒட்டி, அதைக் கேசட்டில் பதிந்து கொடுப்பது. ஒவ்வொருவர் நகலிலும் ஒவ்வோர் இடம். வாக்கு மீறி நாடா வெளியே போனால், வெட்டு இருக்கும் இடத்தை வைத்து யார் விட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். டென்சிலின் நகலில் கடைசிப் பாகத்தில் வெட்டினார். பெர்சியின் நகலில் மெதுவான இரண்டாம் பாகத்தில், ஓபோ என்கிற குழல் தனியாகப் பாடுகிற இடத்துக்கு நடுவே. பல் செட்டில் ஈறும் பல்லும் சேருகிற கோட்டை மறைக்கத் தெரிந்த கை. வெட்டின இடம் வெளியே தெரியாது. முழு சிம்பொனி தன் வீட்டில் மட்டும் இருந்தது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சில வருஷம் கழித்து ஹாலிஃபாக்ஸ் கூட்டத்துக்கு லீட்ஸிலிருந்து ஒரு புது ஆள் வந்தான். பெருமையோடு ஒரு கேசட்டைப் போட்டான். ஓல்ட்ராய்ட், இரண்டாம் சிம்பொனி. நார்மன் முதல் பாகம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாகத்தில் ஓபோ மேலே ஏறத் தொடங்கி, ஏறாமல், சட்டென்று கீழே வந்தது. நார்மன் எழுந்தார்.

“நிறுத்துங்க. இது நான் பெர்சிக்குக் கொடுத்தது.”

பெர்சி ஜன்னலோரம் முட்டை சாண்ட்விச்சைப் பாதி கடித்த வாயோடு உட்கார்ந்திருந்தான்.

“நார்மன், இந்தத் தம்பியோட அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. சின்ன வயசுல ஓல்ட்ராய்ட் கிட்ட பாட்டு கத்துக்கிட்டவங்க. கேக்கணும்னு ஆசப்பட்டாங்க. அதான் கொடுத்தேன்.”

“வாக்கு கொடுத்தியா இல்லையா?”

“கொடுத்தேன்.”

“அப்ப நீ திருடன்.”

பெர்சி சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுருட்டினான். “எனக்குக் கொடுத்ததுல நீ வெட்டித்தான் கொடுத்திருக்கியா?” என்று மெதுவாகக் கேட்டான். நார்மன் திரும்ப உட்கார்ந்தார். பெர்சி கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அதன் பிறகு அந்த மாடிக்கு அவன் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து நார்மன் விஷயத்தைச் சொன்னபோது எனிட் அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒனக்கு இருந்ததே ஒரு சிநேகிதன்டா” என்றாள்.

காலம் போனது. நார்மன் பட்டறையை மூடினார். நூலகத்து மாடிக் கூட்டத்தில் ஆள் குறைந்து, கடைசியில் கூட்டமே நின்றுபோனது. பின்படுக்கையறை முழுக்க நாடாப் பெட்டிகள். எனிடின் முழங்கால் மோசமாகி, மாடிப்படி ஏறாமல் இருக்க அந்த அறை அவளுக்குத் தேவைப்பட்டபோது, பெட்டிகள் கீழே நிலவறைக்கு இறங்கின. ஆற்றோரத்து நிலவறை. சுவரெல்லாம் ஈரம் என்று நார்மன் முனகினார். “நாடாவுக்கு ஜலதோஷம் பிடிக்காது” என்றாள் எனிட்.

ஓர் இலையுதிர் காலத்தில் ஓல்ட்ராய்டின் மகள் ரோஸலிண்ட் வந்தாள். அறுபதைத் தாண்டியவள். தகப்பனாரின் சிம்பொனி யாரிடமாவது இருக்கிறதா என்று பல வருஷம் விசாரித்து, கடைசியில் யாரோ இந்த முகவரியைச் சொல்ல, ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அவள் அதைக் கேட்டதே இல்லை. ஒலிபரப்பான அன்று அவளைத் தூங்கச் சொல்லிவிட்டார்களாம். கொளுத்தினபோது மட்டும் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

நார்மன் அசலைப் போட்டார். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னறைச் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். இரண்டாம் பாகத்தில் ஓபோ ஏறியது, இன்னும் ஏறியது, மேலே ஓரிடத்தில் தயங்கி நின்று, பிறகு இறங்கியது. அவள் கையுறையை ஒரு கையிலிருந்து மற்ற கைக்கு மாற்றினாள்.

முடிந்ததும், “இதுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுப்பீங்களா?” என்றாள். “ஹாலிஃபாக்ஸ்ல ஃபிலிப்பான்னு ஒரு பொண்ணு சின்ன ஆர்கெஸ்ட்ரா ஒண்ணு நடத்துது. கேட்டுக் கேட்டே நோட்டெல்லாம் எழுதிடலாம்னு சொல்லுது. எழுதிட்டா திரும்பவும் வாசிக்கலாம். எங்கப்பா எரிச்சது எரிச்சதாவே போக வேணாம்.”

“கொடுக்கறேம்மா” என்றார் நார்மன். “கிறிஸ்துமஸ் போகட்டும். நல்லா சுத்தமா எடுத்துத் தரேன்.”

அவள் போன பிறகு எனிட் அவரைப் பார்த்தாள். “ரெக்கார்டர் இங்கதான் இருக்கு, நாடா இங்கதான் இருக்கு. இன்னைக்கே எடுத்தா என்ன?”

“அவசரமா செய்யற வேல இல்ல அது.”

“வெட்டாம முழுசா கொடுக்க மனசு வரல. அதச் சொல்லேன்.”

நார்மன் நாடாவைப் பெட்டியில் வைத்து நிலவறைக்கு எடுத்துப்போனார். எனிட் சொன்னது சரிதான். கொடுத்துவிட்டால் அது எல்லாருடையதும் ஆகிவிடும். அதற்கப்புறம் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பல் செட் செய்த கிழவர், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கால்டர் ஆறு கரை தாண்டியது. சைரன் ஊதி முடிப்பதற்குள் தெருவில் முழங்கால் தண்ணீர். அக்காளையும் தம்பியையும் படகில் ஏற்றி மேட்டுத்தெரு தேவாலயக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நார்மனுக்குக் குளிரில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள்.

அவர் வீடு திரும்பியபோது நிலவறை பளிச்சென்று இருந்தது. பிராட்ஃபோர்டிலிருந்தும் எங்கிருந்தோவும் வந்த தொண்டர்கள் தெரு முழுக்க வீடுவீடாக இறங்கி, சேற்றை வாரி, தரையைத் தேய்த்துக் கழுவி, மருந்து தெளித்திருந்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வாசலில் அவருக்கு டீயை நீட்டினாள்.

“எல்லாம் முடிச்சாச்சு கண்ணு. இனிமே கவலப்படாதீங்க.”

“கீழ பெட்டிங்க இருந்துதே.”

“அதுவா? ஒரே சேறு. ஊறிப்போய்க் கெடந்துது. குப்ப வண்டி அன்னைக்கே ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு.” அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “முக்கியமானதா எதுவும் இருந்துச்சா?”

“இல்ல” என்றார் நார்மன். “ரொம்ப நல்லா சுத்தம் பண்ணியிருக்கீங்க. நன்றிம்மா.”

அன்று முழுக்க அவர் நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தார். எனிட் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார முயன்று, முழங்கால் மடங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான்தான் கீழ கொண்டுபோய் வெக்கச் சொன்னேன்” என்றாள். “நான்தான் கிறிஸ்துமஸ் போகட்டும்னேன்” என்றார் அவர்.

அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. டென்சிலின் நகலில் கடைசிப் பாகத்தில்தான் வெட்டு. பெர்சியின் நகலில் இரண்டாம் பாகத்தில். இரண்டையும் சேர்த்தால் ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும், சிம்பொனி முழுசாகிவிடும். நார்மன் கார்ன்வாலுக்குப் போன் செய்தார். டென்சிலின் மகன் எடுத்தான். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றான். கேசட்டெல்லாம் வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில் போட்டு, பழைய சாமான் விற்கும் வயல்வெளிச் சந்தையில் வைத்தோம். யாரோ ஒருவர் மொத்தமாக வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். யாரென்று தெரியாது என்றான்.

மிச்சம் இருந்தது பெர்சி. திருடன் என்று சொன்ன நாளிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நார்மன் எனிடைக் கூட்டிக்கொண்டு ஹல்லுக்கு ரயில் ஏறினார். பெர்சி கதவைத் திறந்தான். மெலிந்து போயிருந்தான். வாயில் நார்மன் செய்துகொடுத்த பல் செட்தான் இன்னும் இருந்தது.

“வா எனிட்” என்றான். “இவனும் வரானா?”

“கூட்டிட்டு வந்துட்டேன். என்ன பண்றது” என்றாள் எனிட்.

நார்மன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளம், டென்சில், ரோஸலிண்ட். பெர்சி குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்து, நேராக இரண்டாம் பாகத்துக்கு ஓட்டினான். ஓபோ ஏறத் தொடங்கியது.

“அந்த எடம் வருது” என்றான் பெர்சி. “அன்னைக்கு மாதிரி எழுந்து சொல்லேன். நின்னுக்கிட்டுத்தான் இருக்க, வசதியா போச்சு.”

ஓபோ மேலே போகாமல் கீழே விழுந்தது. நார்மன் ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“ஒனக்கொண்ணு தெரியுமா? அந்தம்மா செத்ததுக்கப்புறமும் நான் இத நாலஞ்சு பேருக்குக் கொடுத்தேன்” என்றான் பெர்சி. “திருடன்னு ஆயாச்சு, அப்புறம் என்ன? கேக்கறவங்களுக்கெல்லாம் கொடுத்தேன். எல்லார் கிட்டயும் ஓட்டை இருக்கறதுதான் இருக்கு. நீ போட்ட ஓட்டை.”

“எனக்குப் பதிலுக்குக் கொடுக்க ஒண்ணுமில்ல பெர்சி. எல்லாம் போயிடுச்சு.”

“கேட்டேனா?” பெர்சி கேசட்டை வெளியே எடுத்து எனிடின் கைப்பையில் போட்டான். நார்மன் கையில் தரவில்லை. டீ போடட்டுமா என்று எனிடிடம் மட்டும் கேட்டான்.

ஃபிலிப்பா அந்த வசந்த காலம் முழுக்கக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நோட்டு எழுதினாள். இரண்டாம் பாகத்துக்கு வந்ததும் நார்மனையும் ரோஸலிண்டையும் கூப்பிட்டாள். தேவாலயக் கூடத்துப் பியானோ முன்னால் மூவரும் உட்கார்ந்தார்கள்.

“இங்க ஏதோ தாவுது சார். நாடா அறுந்து ஒட்டினதா?”

“நான் வெட்டினது” என்றார் நார்மன்.

ரோஸலிண்ட் அவரைப் பார்த்தாள். அவர் காரணத்தையும் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. அவள் பியானோ மூடிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஃபிலிப்பாதான், “ஒங்களுக்கு மனப்பாடமா தெரியுமே சார், பாடிக் காட்டுங்களேன்” என்றாள்.

அவர் பாடினார். எண்பதை நெருங்கிய நடுங்கும் குரல். ஃபிலிப்பா எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டினாள். நார்மன் தலையை ஆட்டினார். இல்லை, அப்படி இல்லை. மறுபடி பாடினார். இப்போது வேறு மாதிரி வந்தது. மூன்றாவது முறை இன்னும் வேறு மாதிரி.

“இல்ல, மேல போய் ஒரு எடத்துல நிக்கும்” என்றாள் ரோஸலிண்ட். “எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நின்னுட்டு எறங்கும்.”

“நிக்கும். ஆனா எந்த எடத்துல?”

அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் ஒரே ஒரு முறை கேட்டவள். அவர் எத்தனையோ முறை கேட்டவர். அடியில் தந்தி வாத்தியங்கள் என்ன வாசித்தன என்று இருவருக்குமே தெரியவில்லை. பல வாரம் முயன்றார்கள். ஃபிலிப்பா தானே பொருத்தமாக ஏதாவது எழுதி ஒட்டிவிடட்டுமா என்று கேட்டாள். “வேணாம்” என்றாள் ரோஸலிண்ட். “ஒட்டினது தெரியாம இருந்தது போதும். இது தெரியட்டும்.”

கோடையில் அதே கூடத்தில் கச்சேரி நடந்தது. பாதி நாற்காலிகள் காலி. பெர்சி வரவில்லை. எனிடும் நார்மனும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் ஓபோ ஏறத் தொடங்கியது. ஃபிலிப்பா கையை இறக்கினாள். எல்லாரும் வாத்தியத்தை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கூடம் அமைதியானது. முடிந்துவிட்டதென்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் கைதட்டி, பக்கத்திலிருந்தவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். வெளியே ஒரு லாரி போனது. அந்த இடைவெளி அவர் வெட்டியெடுத்த அளவுதான், ஆனால் நார்மனுக்கு அது முடிகிற மாதிரியே இல்லை. எனிட் அவர் கையைப் பிடித்தாள். பிறகு ஓபோ கீழிருந்து மறுபடி தொடங்கியது.

முடிந்த பின் ரோஸலிண்ட் எல்லாருக்கும் கைகொடுத்தாள். நார்மனுக்கும் கொடுத்தாள். “வந்ததுக்கு நன்றி மிஸ்டர் ஹெலிவெல்” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

நார்மன் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். எனிட் செவ்வாய்க்கிழமைகளில் போய்ப் பார்க்கிறாள். சில நாள் அவளை அடையாளம் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே இருக்கிறார். அது அந்த ஓபோவின் பாட்டா என்று கண்டுபிடிக்க ஃபிலிப்பா ஒருமுறை போய்ப் பார்த்தாள். அரைமணி நேரம் கேட்டுவிட்டு எதுவும் எழுதாமல் திரும்பிவிட்டாள்.

டென்சிலின் கேசட்டுகளைச் சந்தையில் வாங்கிப்போனவர் யாரென்று இன்னும் தெரியவில்லை. தூக்கிப் போட்டிருக்கலாம். எங்காவது ஒரு பரணில், வாழைப்பழப் பெட்டியில், அப்படியே கிடக்கவும் செய்யலாம். அதில் கடைசிப் பாகத்தில் வெட்டு இருக்கும், ஆனால் இரண்டாம் பாகம் முழுசாக இருக்கும். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம், முக்கியமாகப் பழைய கேசட்டுகளைக் கேட்டுப் பார்க்காமலே வைத்திருப்பவர்களிடம், இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் இன்னும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஓல்ட்ராய்ட் என்ற பெயர் அவர்கள் காதில் விழுந்திருந்தால் போதும்.